தபீதாள் வீட்டார்

சித்தூர் சபையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு பெயர். ஒன்று ரேஷன் கார்டில் இருப்பது. மற்றொன்று அந்தக் குடும்பத்தில் முதன்முதல் ஞானஸ்நானம் எடுத்தவரின் பெயர். அறுப்பின் பண்டிகையில் காணிக்கை படைக்க அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். "தபீதாள் வீட்டார்" என்றதும் சத்தியநாதன் எழுந்து நடப்பார். அவர் நடையைப் பார்த்தால் தபீதாளுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததே அவர்தான் என்று தோன்றும்.

ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகி ஏழு வருடம். மகள் சுஜிதாவோடு திருப்பதியில் குடியிருந்தார். ஞாயிறுதோறும் பஸ் ஏறிச் சித்தூருக்கு வந்து சபைச் செயலாளர் வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் காபி ஆறுவதற்குள் தபீதாள் கதை ஆரம்பமாகிவிடும். அவருடைய தாத்தாவைப் பெற்றவள். கிணறும் நிலமும் உள்ள பெரிய வீட்டுப் பெண்ணாம். வேதம் வாசிக்கக் கேட்டு மனம் திரும்பி, நகைகளைக் கழற்றி முற்றத்தில் வைத்துவிட்டு வந்தவளாம். அந்த நகைகள் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போயின.

மூன்று வருடத்துக்கு முன் அந்தக் கதையைச் சொல்லக் கூடாத இடத்தில் சொன்னார். சுஜிதா, அதே சபையைச் சேர்ந்த ஜெர்ரியைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை, தங்கமான பையன். அவன் அம்மா சந்திரம்மா மார்த்தாள் வீட்டு மருமகள்; பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்தே மகனைப் படிக்கவைத்த விதவை. பழமும் பூவும் எடுத்துக்கொண்டு பெண் கேட்டு வந்தாள். சத்தியநாதன் நாற்காலியில் சாய்ந்தபடியே பதில் சொன்னார்.

"எங்க தபீதாள் வேதத்துக்காக வந்தவம்மா. உங்க மார்த்தாள் கஞ்சிக்கு வந்தவ. ரெண்டும் எப்படிம்மா ஒத்துப்போகும்?"

சந்திரம்மா டம்ளரைக் கீழே வைத்தாள், ஸ்தோத்திரம் சொன்னாள், எழுந்து போய்விட்டாள். அடுத்த வருடமே ஜெர்ரிக்கு வேறு இடத்தில் கல்யாணமாயிற்று. சுஜிதா அதற்குப் பிறகு எந்த வரனுக்கும் சம்மதிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போவாள், வருவாள், சமைப்பாள். அப்பாவோடு ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. அது அவருக்கு வசதியாகவும் இருந்தது.

வருகிற வருடம் சபைக்கு நூற்றைம்பது நிறைகிறது. மலர் போடுவதென்று முடிவாகி, குடும்பக் கதை எழுதித் தரச் சொன்னார்கள். மற்றவர்கள் நாலு வரி கொடுத்தார்கள். இவர் எட்டுப் பக்கம் எழுதினார். அதோடு நின்றிருக்கலாம். ஞானஸ்நானத் தேதியும் சேர்ந்தால் எடுப்பாக இருக்குமே என்று, சாவி கையில் இருக்கிற தைரியத்தில் சபை அலுவலகப் பீரோவைத் திறந்து பழைய பதிவேட்டை எடுத்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

அந்தக் காலத்து உபதேசியாரின் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

"தபீதாள். முன்பெயர் சின்னி. வயது பதினாலு இருக்கலாம். காணிப்பாக்கத்துக்கு அப்பாலுள்ள சேரி. தாய் தகப்பன் பஞ்சத்தில் செத்தார்கள். கஞ்சித் தொட்டியில் சேர்ந்தவள்."

அதற்கடுத்த வரி: "மார்த்தாள். முன்பெயர் கெங்கி. அதே சேரி, அதே நாள். நடக்கமாட்டாத சின்னியை இவள் சுமந்து வந்தாள்."

மூன்று தரம் படித்தார். காது மடல் சுட்டது. அறையில் வேறு யாருமில்லை. ஆனாலும் ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டார். இந்தப் பழைய எழுத்தை இனி எவன் படிக்கப்போகிறான் என்று பதிவேட்டை அடியில் தள்ளிப் பீரோவைப் பூட்டினார். வெளிக் கதவு வரைக்கும் போனவர் திரும்பி வந்தார். மறுபடி திறந்து, அந்தப் பக்கத்தைச் செல்போனில் படம் பிடித்தார். தபீதாள் கஞ்சிக்கு வந்தது அவருக்கு வெட்கமாக இல்லை என்று சொன்னால் அது பொய். முதலில் அதற்குத்தான் வெட்கப்பட்டார். சுமந்து வந்தவளின் வீட்டாரை அவமானப்படுத்தி அனுப்பியது அதற்குப் பிறகுதான் உறைத்தது. உறைத்ததும் அங்கே உட்கார முடியவில்லை.

சந்திரம்மாவின் வீடு இரண்டு தெரு தள்ளி. தைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து, "வாங்கண்ணா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் நின்றபடியே செல்போனைப் பார்த்து வாசித்தார்.

"எங்களுக்குத் தெரியும்ண்ணா," என்றாள் சந்திரம்மா. "எங்க மாமியார் சொல்லிக்கினே இருப்பாங்க. ரெண்டு நாள் தூக்கினு வந்தாளாம். எறக்கி வெச்சா செத்துப்பூடும்னு பயமாம்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா? மூஞ்சியில அடிச்ச மாதிரி கேட்டிருக்கலாமே?"

"சுஜிதா கதவாண்ட நின்னுக்கினு இருந்துச்சு. பொண்ணு முன்னால அது நைனாவை எப்படிண்ணா தலைகுனிய வைக்கிறது?"

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். மன்னித்துவிடச் சொல்லிக் கேட்டார்.

"எனக்கு ஆறிப்போச்சுண்ணா. ஜெர்ரிக்குப் பொண்ணு பொறந்திருக்கு, நல்லா கீறான். நீங்க போய் சுஜிதாகிட்ட சொல்லுங்க."

திருப்பதி பஸ்ஸில் சொல்ல வேண்டியதை மனசுக்குள் பத்து விதமாகச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் சரிப்படவில்லை. வீட்டில் சுஜிதா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பீரோவைப் பூட்டிவிட்டுப் போகப் பார்த்ததைக்கூட மறைக்காமல், எல்லாவற்றையும் சொன்னார். அவள் செல்போனை வாங்கி, எழுத்தைப் பெரிதாக்கிப் படித்தாள்.

"சந்திரம்மா அத்தைக்கு இது அப்பவே தெரியுமா நைனா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா பேசாம போனாங்க?"

"நீ நின்னுக்கினு இருந்தியாம். உன் முன்னாடி எனக்கு அவமானமாயிடக் கூடாதுன்னு."

சுஜிதா கத்தியைத் தட்டில் வைத்தாள்.

"ஜெர்ரி அதுக்கப்புறம் ஒரு மாசம் போன் பண்ணிக்கினே இருந்தான். நான் எடுக்கல. எனக்காக ஒரு வார்த்தை பேசாம எழுந்து போனவங்க வீட்ல எனக்கு என்ன மரியாதை இருக்கும்னு நெனச்சேன் நைனா."

சத்தியநாதன் மகளைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் அதைப் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.