சாமிப் படங்களும் சாயும் நாற்காலியும்

ஹட்டன் கடைவீதியில் ஒரு பல் கிளினிக்கில் பன்னிரண்டு வருஷமாக உதவியாளராக இருக்கிறேன். பல்லைப் பிடுங்குவது மட்டும்தான் டொக்டர் மிஸ்ஸின் வேலை. நம்பர் கொடுப்பது, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, பஞ்சு வைப்பது, அழுகிறவர்களை அதட்டுவது எல்லாம் நான். எனக்குக் கீழே ஒரு சிங்களப் பிள்ளையும் இருக்கிறாள், சிங்களத்தில் தங்கச்சி என்கிற மாதிரி நங்கி என்று கூப்பிடுவேன். வேலைக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும்.

போன வருஷம் டொக்டர் மிஸ் என்னை நுவரெலியாவுக்கு இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார். பல் மருத்துவ உதவியாளர்களுக்குத் தலைமைத்துவமும் கலாசாரப் பாதுகாப்பும். நோயாளி தன் வழக்கத்தையும் மரியாதையையும் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரக் கூடாது, அதற்கு நீங்கள்தான் பொறுப்பு என்றார் பயிற்சி கொடுத்த அம்மா. பிறகு ஒரு துண்டுத் தாளைத் தந்து, உங்கள் கிளினிக்கில் நோயாளியைச் சங்கடப்படுத்துகிறவர் யார் என்று எழுதச் சொன்னார். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. சிங்களப் பிள்ளையின் பெயரை எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்துக் கொடுத்தேன். நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள், என் சனத்தைப் பற்றி எனக்கு யார் சொல்லித் தர வேண்டும்? அப்படி ஒரு மண்டைக்கனம்.

சான்றிதழோடு திரும்பியவளுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே தலைமைத்துவத்தைக் காட்டினேன். கட்டடத்துக்குச் சொந்தக்கார முதலாளி கொடுத்த பிள்ளையார், டொக்டர் மிஸ் வீட்டிலிருந்து கொண்டுவந்த புத்தர், நான் கும்பிடும் மாதா, மூன்று படத்துக்கும் ஒரே அளவில் சட்டம் போட்டு, பல் நாற்காலிக்கு நேர் எதிர்ச் சுவரில் வரிசையாக மாட்டினேன். யார் வந்து படுத்தாலும் கண்ணுக்கு நேரே அவரவர் சாமி. போட்டோ எடுத்துப் பயிற்சிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஹார்ட் ஹார்ட்டாக வந்து விழுந்தது.

அந்த வாரத்திலிருந்துதான் ஆட்கள் கோணல்மாணலாகப் படுக்கத் தொடங்கினார்கள். நாற்காலியைச் சாய்த்தால் ஒருவர் ஒருக்களித்துச் சுருண்டார். ஒரு பெண் இரண்டு காலையும் இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டாள். குளிராக்கும் என்று நினைத்துப் போர்வை கொடுத்தேன்.

அப்போதுதான் பொகவந்தலாவைப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். கொழுந்து பறிக்கிறவர், ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். மேல் கடைவாய்ப் பல் சொத்தையாகி ஒரு பக்கக் கன்னம் பணிஸ் மாதிரி உப்பியிருந்தது. மேல் பல் என்றால் ஆள் நன்றாகச் சாய்ந்து படுத்தால்தான் டொக்டருக்குக் கை போகும். இவரோ நாற்காலி சாயச் சாயக் காலை மடக்கிச் சம்மணம் போட்டார். நீட்டச் சொன்னால் பாதி நீட்டுவார், மறுபடி மடக்குவார். நடுவில் ஏதோ முனகினார். "வாயத் தொறந்து வச்சிக்கிட்டு பேசாதீங்க" என்றேன். ஊசி போட வழியில்லாமல் டொக்டர் மிஸ் வீக்கத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, ஐந்து நாள் கழித்து வரச் சொன்னார். வந்தார். மறுபடியும் சம்மணம், மறுபடியும் முனகல். காலையில் தோட்டத்து ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், வேலை வாங்கும் கண்டாக்கு போடும் சத்தத்தை நான் போட்டேன். அந்த அம்மா இறங்கிப் போயே விட்டார்.

மூன்றாவது தடவை வந்தபோது வீக்கம் கண்ணுக்குக் கீழே ஏறியிருந்தது. கஞ்சித் தண்ணீர் தவிர எதுவும் இறங்கவில்லையாம். டொக்டர் மிஸ் என்னிடம் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: இன்றைக்கும் எடுக்க முடியாவிட்டால் கண்டி ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்ப வேண்டும், சீழ் இனிக் காத்திருக்காது. பயம் வந்தால் எனக்குக் கோபம் வரும், அது என் பிறவிக் குணம்.

"ஏம்மா, சின்னப் புள்ளையா நீங்க? காலை நீட்டிப் படுக்கக் கூடவா பயம்?"

அவர் ஏதோ சொல்ல வந்தார்.

"பேசாதீங்கன்னேன்ல."

அவர் கண்ணில் நீர் முட்டியது. கால் மடங்கியேதான் இருந்தது.

சிங்களப் பிள்ளை கையில் தட்டோடு நின்று அந்த அம்மாவின் பாதத்தைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். தட்டை வைத்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, புத்தரைக் கழற்றத் தொடங்கினாள்.

"நங்கி, என்ன செய்ற நீ?"

"அக்கே, கால் நீட்டினா சாமி முகத்துக்கு நேர போகுது. எங்க வீட்டிலயும் இப்படி படுக்க மாட்டோம்."

இது எனக்குத் தெரியாத வழக்கமா? எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டுக் காம்பராவில் சாமிப் படத்துப் பக்கம் காலை நீட்டியதற்கு என் கூட்டாளி வாங்கிய அடி இன்னும் காதில் கேட்கிறது. ஆனால் பன்னிரண்டு வருஷமாக அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேனே தவிர, ஒரு நாளும் அதில் படுத்துப் பார்த்ததில்லை.

மூன்று படங்களும் படுப்பவரின் தலைக்குப் பின்னால் போயின. மாதாவை நானே தூக்கிக்கொண்டு போனேன். அந்த அம்மா திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே காலை நீட்டிப் படுத்தார். விறைப்பு ஊசி ஏறியதும் பல் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது.

பஞ்சைக் கடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம் கழித்துப் பஞ்சை எடுத்ததும் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மொத நாளே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. நானும் தோட்டத்து ஆளுதானே."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சொல்லத்தான் மிஸ் வந்தேன். மூணு தடவையும் நீங்கதான் பேசாதீங்கன்னு சொல்லிட்டீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. நுவரெலியாவில் அந்தத் துண்டுத் தாளில் இரண்டு கோடு போட்டு எழுதியிருக்க வேண்டிய பெயர் யாருடையது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த நம்பர் வட்டகொடையிலிருந்து வந்த ஒரு பெரியவர். நாற்காலியைச் சாய்க்கும் முன் அவரிடம், "ஏதாச்சும் சொல்லணுங்களா ஐயா?" என்று கேட்டேன். அவருக்கு ஆச்சரியம். டொக்டர் மிஸ்ஸுக்கு அதைவிட ஆச்சரியம். பெரியவர் மூத்த மகளின் கல்யாணத்திலிருந்து ஆரம்பித்தார். பல்லுக்கு வந்து சேர இருபது நிமிடம் ஆனது. சிங்களப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.