காப்புக் கட்டிய பிறகு வந்த நாலு மணி பஸ்

அறுபதுகளின் நடுவில், ஒரு வைகாசி மாதம் நடந்தது இது. காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், திருப்புலிவனத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு சிற்றூர். பெயரைச் சொன்னால் சென்னையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. செங்கல்பட்டில் இருப்பவர்களுக்கும் தெரியாது என்பதை நானே விசாரித்து உறுதி செய்துகொண்டிருக்கிறேன்.

நான் பிறந்தது ரங்கூனில். என் அப்பாவும் அங்கேயே பிறந்தவர். ஆகவே, "தாய்நாட்டுக்குத் திரும்பிவிட்டீர்களா?" என்று பலரும் அன்போடு கேட்டபோது எனக்குக் குழப்பமாக இருந்தது. போகாத இடத்துக்கு எப்படித் திரும்புவது? என்னைப் பொறுத்தவரை, நாற்பது வயதில் மனைவியையும் ஒரு தகரப் பெட்டியையும் கூட்டிக்கொண்டு ஓர் அயல்நாட்டுக்குக் குடிபெயர்ந்தேன். அந்த அயல்நாட்டில் எல்லோரும் தமிழ் பேசினார்கள் என்பது ஒரு சௌகரியம், அவ்வளவுதான்.

ரங்கூனில் ஒரு பேக்கரியில் எனக்கு வேலை. இரவெல்லாம் மாவு பிசைவேன். பகலில், ரொட்டி சுற்றுவதற்காக எடைக்கு வாங்கிப் போட்டிருக்கும் பழைய பத்திரிகைகளைப் படிப்பேன். என் கல்வி முழுவதும் அப்படி வந்ததுதான். உலக அரசியல் முதல் சித்த வைத்தியம் வரை எல்லாவற்றிலும் எனக்குப் பாதி தெரியும். பல தொடர்கதைகளின் முடிவு மட்டும் இன்றுவரை தெரியாது; அந்தப் பக்கங்களை யாராவது ரொட்டியோடு வாங்கிப் போயிருப்பார்கள்.

கப்பலில் எனக்குப் பக்கத்தில் படுத்திருந்தவர் உத்திரமேரூர்ப் பக்கத்து ஆள். "எங்க ஊரச் சுத்தி எங்கியும் ஒரு ரொட்டிக் கடை கெடையாதுங்க" என்றார். இதை நான் பெரிய வியாபார வாய்ப்பு என்று எடுத்துக்கொண்டேன். ஏன் கிடையாது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

காரணம், கடை திறந்த இரண்டாம் நாள் தெரிந்தது. அந்தப் பக்கத்தில் ரொட்டி என்பது சாப்பாடு அல்ல, மருந்து. ஜுரம் வந்தால் டாக்டர் எழுதிக் கொடுப்பார்; பாலில் நனைத்து நோயாளிக்குக் கொடுப்பார்கள். என்னிடம் ஆசையாக ஒரு ரொட்டி வாங்கிய மனிதர் வீடு போய்ச் சேர்வதற்குள், "யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று வழியெல்லாம் கேட்டு, இரண்டு பேர் எலுமிச்சம்பழத்தோடு பார்க்கவே வந்துவிட்டார்களாம். அவர் அப்புறம் என் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஊர் ஆரோக்கியமாக இருந்தால் எனக்குப் பட்டினி. ஊரில் காய்ச்சல் பரவ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் அளவுக்கு நான் கெட்டவன் இல்லை; ஆனால் மழைக்காலத்தில் கொஞ்சம் சுறுசுறுப்பாக இருந்தேன் என்பதை மறுக்க மாட்டேன்.

அப்போது மதுவிலக்குக் காலம். கண்ணுக்கெட்டிய தூரம் பனைமரம். ஒரு சொட்டுக் கள் கிடையாது. ரங்கூனில் கள் விட்டு மாவைப் புளிக்கவைத்த நான், இங்கே உருளைக்கிழங்கை வேகவைத்துப் பானையில் நுரைக்கவிட்டேன். வாசனை பிடித்துக்கொண்டு ஒரு போலீஸ்காரர் வந்தார். விரலை விட்டு நக்கிப் பார்த்தார். "இதக் குடிச்சிட்டு எவனும் ஆடமாட்டான், அயுவான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

என் மனைவிக்கு இந்தக் கஷ்டம் எதுவும் இல்லை. வந்த சில மாதங்களிலேயே 'என்ன' போய் 'இன்னா' வந்துவிட்டது அவளுக்கு. பக்கத்து வீட்டு அம்மாள் வேர்க்கடலை வறுத்து விற்பவர். நான் ரொட்டியை எடுத்த பிறகு அடுப்பில் மிச்சமிருக்கும் சூட்டில், மணலும் கடலையுமாகத் தட்டை உள்ளே தள்ளுவார். அவருக்கு விறகு மிச்சம். எங்களுக்குக் கடலை மிச்சம். இரண்டு பெண்களும் அடுப்பு வாசலில் உட்கார்ந்து பேசும் பேச்சில் என் பெயர் அடிக்கடி அடிபடும், நல்ல விதமாக அல்ல. அந்த வீட்டில், அந்த அடுப்பின் வாசனையில், ஏரிப் பக்கமிருந்து வரும் காற்றில், நான் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறேன். அப்போது எனக்கு அது தெரியாது. குறைப்பட்டுக்கொள்வதில் மும்முரமாக இருந்தேன்.

என் குறை இதுதான்: இரண்டு வருடமாகியும் என்னை ஊரில் எல்லோரும் 'பர்மாக்காரர்' என்றுதான் கூப்பிட்டார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி எங்கோ படித்திருந்தேன். அந்தக் காலத்தில் ஊர்ச் சபைக்கு நிற்க வேண்டுமானால் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டும். இதில் வயது ஒன்றுதான் என்னிடம் இருந்தது. "ஆயிரம் வருஷம் முன்னாடியும் நம்மைச் சேர்த்திருக்க மாட்டார்கள்" என்று மனைவியிடம் சொல்வேன். அவள் கடலைத் தோலை ஊதிக்கொண்டே, "உங்கள இப்ப யாரு எலெக்சன்ல நிக்கச் சொன்னது?" என்பாள்.

இந்த நிலையில்தான், ரங்கூனில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் சென்னையிலிருந்து ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். அவர் இருக்கும் பெரிய பேக்கரியில் ஓர் இடம் காலி. செவ்வாய்க்கிழமை இரவு வேலைக்கு வந்து நின்றால் எனக்கு, இல்லாவிட்டால் வரிசையில் நிற்கும் அடுத்த ஆளுக்கு. மாதச் சம்பளம், தங்க ஓர் அறை. யோசிக்கவே இல்லை நான். அடுப்பைப் பக்கத்து வீட்டு அம்மாளிடமே விட்டுவிட்டுச் செவ்வாய் மாலை நாலு மணி பஸ்ஸில் கிளம்புவது என்று முடிவு செய்தேன்.

அதற்கு முந்தைய நாள் தெருவில் தமுக்குச் சத்தம் கேட்டது. "ஊர் ஜனங்களுக்குத் தெரியப்படுத்துறது இன்னான்னா, அம்மன் கோயில்ல பாரதம் வெக்கிறாங்கோ..." என்று ஆரம்பித்தார்கள். 'ஊர் ஜனங்களுக்கு' என்றதுமே, நமக்கில்லை என்று திரும்பிப் படுத்துவிட்டேன். ரொட்டி போடுகிறவனுக்குப் பகல்தான் இரவு.

செவ்வாய் விடியற்காலையில் கடைசி ரொட்டியைப் போட்டு எடுத்து, பகலெல்லாம் தூங்கி எழுந்து மூன்று மணிக்குக் கதவைத் திறந்தால், நிலைப்படியில் வரிசையாக வேப்பிலை கட்டியிருந்தது. தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் அப்படியே. பக்கத்து வீட்டு அம்மாள் கட்டிக்கொண்டே போனவர் எங்கள் வீட்டையும் விடவில்லை போலிருக்கிறது. அழகாகத்தான் இருந்தது. தலையில் இடிக்காமல் குனிந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவியோடு பஸ்ஸுக்கு நடந்தேன். வழக்கமாக எனக்கு முன்னால் நடக்கிறவள் அன்று ஒவ்வொரு வாசல் வேப்பிலையையும் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தாள்.

பஸ் நிற்பது அம்மன் கோயிலுக்கு எதிரில். பெட்டியைக் கண்டக்டர் மேலே ஏற்றிக் கட்டிவிட்டார். நான் படியில் ஒரு காலை வைத்தபோது, கோயிலுக்குள்ளிருந்து சைக்கிள் கடைக்காரர் வெளியே வந்தார். பாரதக் கதை, கூத்து, தீமிதி என்று நடக்கும் அந்தத் திருவிழாவை எடுத்து நடத்துகிறவர் அவர்தான். என் வயதுதான் இருக்கும். மணிக்கட்டில் ஈரம் காயாத மஞ்சள் கயிறு.

"இன்னா பர்மாக்காரரே, பொட்டியோட எங்க?"

"மெட்ராசுக்கு. வேலை கிடைச்சிருக்கு."

"ராவுக்குள்ள திரும்பிடுவீங்களா?"

"எப்படித் திரும்பறது? ராத்திரி வேலை. இனிமேல் அங்கேதான்."

அவர் முகம் மாறியது. "காப்பு கட்டியாச்சே. மத்தியானம்தான் கட்னோம். தீ மிதிக்கிற வரிக்கும் ஊர்க்காரன் எவனும் ராவுல வெளியூர்ல தங்கக் கூடாது. பகல்ல எங்க வேணா போவலாம், பொயுது சாயறதுக்குள்ள வந்துடணும். தண்டோரா போட்டமே, கேக்கல?"

மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கோயில் வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கலியே."

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். இரவில் வெளியே தங்கக் கூடாது என்பது ஊர்ச் சட்டம். இரவில் மட்டும்தான் வேலை என்பது ரொட்டிச் சட்டம். நடுவில் நான், ஒரு கால் பஸ்ஸிலும் ஒரு கால் தரையிலுமாக. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்கள். கடலைக்கார அம்மாளும் கூடையோடு வந்து சேர்ந்தார்.

"எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது" என்று ஆரம்பித்தேன்.

"ஒங்க நம்பிக்கைய யாரு கேட்டா?" என்றார் அம்மாள். "எங்க வூட்டுக்காரருக்குந்தான் கெடையாது. பொண்ணு கொடுத்த ஊர்ல ராவுல கெடா வெட்றாங்கன்னு தெரிஞ்சும் வாயக் கட்டிக்கினு ஒக்காந்துகினு கீறாரு."

கண்டக்டர் மணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "யோவ், சீக்கிரம் பேசி முடிங்கய்யா! வண்டி காஞ்சிபுரம் போவுது, குருச்சேத்திரத்துக்கு இல்ல."

சைக்கிள் கடைக்காரர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். பிறகு என்னிடம் நிதானமாகச் சொன்னார். "இதோ பாருங்கோ, நான் புடிச்சி நிறுத்தல. வெளியூர் ஆளுக்கு இந்தக் கட்டு கெடையாது. வளையல் விக்க வந்தவன் போவலாம், வூட்டுக்கு வந்த விருந்தாளி போவலாம். நீங்களும் போவலாம். அம்மன் பக்கம் திரும்பி, 'நான் இந்த ஊர்க்காரன் இல்ல'ன்னு ஒரு வார்த்த சொல்ட்டு ஏறிக்கோங்கோ. ஒருத்தரும் தப்பா நெனைக்க மாட்டோம்."

எவ்வளவு சுலபம்! இரண்டு வருடமாக நான் தினமும் சொல்லி வந்த வாக்கியம்தான். ரொட்டி விற்காத ஒவ்வொரு நாளும் மனைவியிடம் சொன்னது, கடலைக்கார அம்மாளிடம் சொன்னது, உருளைக்கிழங்குப் பானையிடம்கூடச் சொன்னது. நான் கோயில் பக்கம் திரும்பினேன். வாயைத் திறந்தேன்.

வரவில்லை.

பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நிமிஷத்தில் எனக்கு வேறொன்று உறைத்தது. ரங்கூனில் நாங்கள் வெளியாட்கள் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். துறைமுகத்தில் இறங்கியபோது அகதி என்று சொன்னார்கள். எல்லா இடத்திலும் அதை மற்றவர்கள்தான் என்னைப் பார்த்துச் சொன்னார்கள். நான் ரோஷப்பட்டால் போதும், அதோடு என் வேலை முடிந்துவிடும். இங்கே, முதல் தடவையாக, சொல்ல வேண்டியவன் நான். இவர்கள் யாரும் சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமல்ல, என் வாசலில் வேப்பிலையும் கட்டிவிட்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

வாய்க்கு வந்ததைக் கேட்டேன். "அப்படியானால் என்னை ஏன் எல்லாரும் பர்மாக்காரன்னு கூப்பிடறீங்க?"

சைக்கிள் கடைக்காரருக்கு என் கேள்வியே புரியவில்லை. "வேற எப்படிக் கூப்புடறது? எங்க தாத்தா ஆரணிலேர்ந்து வந்தாரு. இன்னி வரிக்கும் எங்க வூட்டுக்கு ஆரணியார் வூடுன்னுதான் பேரு. நான் ஆரணியக் கண்ணால பாத்தது கெடையாது."

"எங்க வூட்டுக்காரருக்குச் செவுட்டார்னு பேரு" என்றார் கடலைக்கார அம்மாள். "ஊர்ல எவன் பேசனாலும் நல்லாக் கேக்கும். நான் சொல்றதுதான் கேக்காது." பிறகு என்னைப் பார்த்து, "ஏன் நைனா, பர்மாவையே வுட்டுட்டு வந்தவரு, மெட்ராச வுட்டா கொறஞ்சா பூடுவீங்கோ?" என்றார்.

பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாதச் சம்பளம், தங்க அறை, செவ்வாய்க்கிழமை இரவு, வரிசையில் நிற்கும் அடுத்த ஆள் எல்லாம் கண்முன் வந்து நின்றன. மனைவி இப்போது மரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் படியிலிருந்து காலை எடுத்தேன்.

"பெட்டியை இறக்கிடுங்க" என்றேன்.

"ஏத்தும்போதே சொல்றதுக்கு இன்னா?" என்று திட்டிக்கொண்டே கண்டக்டர் மறுபடியும் மேலே ஏறினார். சைக்கிள் கடைக்காரர் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். பஸ் போய்விட்டது.

இதற்குப் பிறகு அம்மன் அருளால் என் வியாபாரம் கொழித்தது என்று எழுத ஆசைதான். எழுதினால் என் மனைவி படித்துவிடுவாள். சென்னை வேலை அடுத்த ஆளுக்குப் போயிற்று. நண்பர் என்னோடு ஒரு வருடம் பேசவில்லை. பாரதம் நடந்த நாட்களில் ஒவ்வொரு வீட்டிலும் வெளியூர்ச் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். அவர்களுக்கு டீயோடு கொடுக்க ஏதாவது செய்து தரச் சொல்லிக் கடலைக்கார அம்மாள் கேட்டார். கொஞ்சம் சர்க்கரை சேர்த்துச் சின்னச் சின்ன பன்னாகப் போட்டேன். பன்னுக்கும் ஜுரத்துக்கும் சம்பந்தம் இருப்பதாக அந்த ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. அதில் நாங்கள் பிழைத்தோம். கொழிக்கவில்லை, பிழைத்தோம்.

தீ மிதிக்கும் நாளன்று நெரிசலில் யாரோ ஒரு வெளியூர்க்காரர் என்னிடம் வழி கேட்டார். கை நீட்டிக் காட்டும்போதுதான் கவனித்தேன், "எங்க ஊர்க் கோயிலுக்கு இப்படித்தான் போகணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற மனைவி கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இதெல்லாம் பழைய செய்தி.

இன்றைக்கும் அந்த ஊரில் நான் பர்மாக்காரர்தான். என் வீடு பர்மாக்காரர் வீடு. யாராவது அப்படிக் கூப்பிட்டால் உடனே திரும்பிப் பார்க்கிறேன். வாழ்க்கை முழுவதும் பேசியே காலம் தள்ளியவன் நான். ஆனால் எனக்கென்று ஓர் ஊரைச் சம்பாதித்துக் கொடுத்தது, அன்று நாலு மணி பஸ்ஸின் படியில் நின்றுகொண்டு நான் சொல்லாமல் விட்ட ஒரே ஒரு வாக்கியம்தான்.