பாவுக்கு அடியில் போன கார்

1999இல் ஒரு பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, ஒன்றரை வருடம் நானே பழுது பார்த்தேன். கடைசியாக ஸ்பிரிங்குகளை மாற்றி அதைத் தாழ்த்தினேன். வேகமாகத் திரும்பும்போது கார் சாயாது என்பது என் கணக்கு. பக்கத்துத் தெரு நெசவாளர் ஏகாம்பரம் அண்ணனுக்கு அது தீராத வேடிக்கை.

"தம்பி, இது காரா, தவளையா? தரையிலயே குந்திகினு கீதே!"

2001 தை மாதம், ஒரு விடியற்காலை. என் மனைவிக்குப் பிரசவ வலி கண்டது. ஆட்டோ கிடைக்கவில்லை. அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு சந்து முனைக்கு வந்தால், வழியை அடைத்தபடி குறுக்குத் தெரு நெடுக ஏகாம்பரம் அண்ணனின் பட்டுப் பாவு, தறியில் ஏற்றவேண்டிய நீளவாக்கு இழைகளாக, இழுத்துக் கட்டியிருந்தது. கஞ்சி ஈரம் காயவில்லை. அவிழ்த்தால் பாவு வீண்.

அண்ணன் காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, பாவு வேலையில் இருந்த ஆட்களிடம் கத்தினார். "பொண்ணு துடிக்குது, ஜல்தியா தூக்குங்கடா!"

மூங்கில் கொடுத்துத் தோளுயரத்துக்குத் தூக்கினார்கள். அதற்கு மேல் தூக்கினால் இழை அறும். நான் காரை நகர்த்தினேன்.

"நில்லுங்க! அந்த ஏரியலை யாரு இறக்குவாங்க, உங்க மாமனாரா?"

அவரே இறக்கினார். கூரைக்கும் பட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. ஓர் இழைகூட அறாமல் அந்தப் பக்கம் வந்து சேர்ந்தோம்.

"தவளை தாண்டிடுச்சி தம்பி, போங்க!"

ஆஸ்பத்திரியில் மகள் நல்லபடியாகப் பிறந்தாள்.

கார் எவ்வளவு வேகம் போகும் என்று இன்றும் கேட்கிறார்கள். சொல்கிறேன். ஆனால் வேகத்துக்காகத் தாழ்த்திய அந்தக் காரை நான் மிக நன்றாக ஓட்டியது, நடப்பதைவிட மெதுவாகப் போன அந்தச் சில அடி தூரம்தான்.