குளத்தடித் தெருவின் நீலம்

முப்பத்தைந்து வருடம் நில அளவை அலுவலகத்தில் வரைபடங்களை நகலெடுத்தவள். விரல் நுனியில் ஏறிய மசி போகவே இல்லை. அதனால் எல்லாருக்கும் அவள் மசியக்கா. ஓய்வு பெற்றபின் காலை நீட்டி உட்கார வேண்டியதுதானே? மாட்டாள். தெருத் தெருவாகப் போய்ப் பெயர்க்காரணம் விசாரித்து, அட்டைகளில் எழுதி, செருப்புப் பெட்டிகளில் அடுக்கினாள்.

"உனக்கு வேற வேலையே இல்லையாக்கா?" என்று தங்கை தலையில் அடித்துக்கொள்வாள்.

"இதுதான்டி வேலை."

அவர்கள் குடியிருந்தது குளத்தடித் தெரு. குளம் என்று பேருக்குக்கூட ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தெருமுனையில் காலி மனைதான் இருந்தது. நகராட்சி அதில் அடுக்குமாடி எழுப்பி, தெருவுக்கு 'மலர்ச்சோலை' என்று பெயர் சூட்டப் பார்த்தது. மலரும் கிடையாது, சோலையும் கிடையாது, அதைக் கேட்க நாதியும் கிடையாது. குளம் இருந்ததாக நிரூபித்தால் கட்டடத்துக்கு அனுமதி இல்லை, பழைய பெயரும் தப்பிக்கும்.

ஆதாரம் தேடிப் போன மசியக்கா ஆவண அறையில் மூலப்படத்தைப் பிரித்து, தன் பழைய நகலோடு ஒப்பிட்டாள். மழைக்கு விரிந்து வெயிலுக்குச் சுருங்குகிற குளத்துக்கு யார் கரை கீறுவார்கள்? வெறும் நீலப் பூச்சாகத்தான் காட்டியிருந்தார்கள். நகலெடுக்கிறவர்கள் கோடுகளை மட்டும் எடுப்பார்கள்; பூச்சு இருந்த இடத்தில் 'நீர்' என்று எழுதிவிட வேண்டும். இருபத்திரண்டு வயதில் அதை எழுத மறந்தவள் இவளேதான். பிறகு வந்த படங்களெல்லாம் அந்த நகலைப் பார்த்து வரைந்தவை. வீட்டுச் சுவரிலோ 'பிழையற்ற கை' என்ற பாராட்டுப் பத்திரம் தொங்குகிறது. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

ஆட்சேபக் கூட்டத்தில் நகராட்சி ஆணையர் அந்த நகலை விரித்தார். "காலி நிலம்தான் மேடம். கீழ கையெழுத்து யாருது?"

"என்னுது."

கூட்டம் சிரித்தது.

"கையெழுத்து சரி, படம் தப்பு," என்றாள். "அந்தக் குளத்த முதல்ல மூடினது நான்தான் சார்." அவள் கேட்டுக்கொண்டபடி வந்திருந்த ஆவண அறைக் காப்பாளர் மூலப்படத்தை மேசைமேல் விரித்தார். நீலம் கொஞ்சமும் மங்கவில்லை. சிரிப்பு நின்றது.

ஆணையர் குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுப் பேசுங்க. இத தப்புன்னு பதிவு பண்ணா, நீங்க போட்ட அத்தன படத்தையும் சந்தேகப்படுவாங்க."

"படட்டும். ஒண்ணு விடாம எடுத்துப் பாக்கட்டும்."

பையிலிருந்து நீல மசியையும் தூரிகையையும் எடுத்தாள்.

"மேடம், அது அரசாங்க ஆவணம்!"

"நான் போட்ட ஆவணம்."

நகலில் காலி மனை இருந்த இடத்தில் நீலத்தைப் பரப்பினாள். நடுவில் 'நீர்' என்று எழுதினாள். ஓரத்தில், 'விட்டவள் நானே, சேர்த்தவளும் நானே' என்று எழுதித் தேதியோடு கையெழுத்திட்டாள். ஆணையரின் கை படத்தைச் சுருட்டப் போனது.

"ஈரமா இருக்கு சார்," என்றாள். "காயற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது."

நாற்காலியை இழுத்துப் போட்டு, படத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.