சோப்பு ஐயாவின் சுத்தமான மாடு

அவருக்குச் சோப்பு என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. யாராக இருந்தாலும் நல்ல கண். பண்ணை வாசலில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு பிரஷ், ஒரு மஞ்சள் சோப்புக் கட்டி எப்போதும் இருக்கும். உள்ளே வருகிறவர் யாரானாலும் செருப்பைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் நுழைய வேண்டும். டிராக்டர் வந்தால் நான்கு சக்கரத்துக்கும் குளியல். நான் மாட்டு டாக்டர். மாதம் ஒருமுறை அவருடைய பசுவைப் பார்க்கப் போவேன். போனோம், பார்த்தோம், திரும்பினோம் என்று ஒருநாளும் நடந்ததில்லை. என் பூட்ஸைத் திருப்பி, அடியில் இருக்கும் பள்ளங்களை ஒவ்வொன்றாகக் குச்சியால் நோண்டிக் காட்ட வேண்டும். மாட்டுக்குக் காய்ச்சல் கொதிக்கிறது, ஓடி வாங்க என்று சொல்லியனுப்பிய அன்றும் இதே சடங்குதான்.

காரணம் இருந்தது. மற்றவர்கள் சாப்பிடச் சோளம் விளைவித்தார்கள். இவர் விதைக்கச் சோளம் விளைவித்தார். விதை அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்து வயலைப் பார்ப்பார். களை கிடந்தால் அந்த விளைச்சலை விதையாக எடுக்கமாட்டார்கள். இவர் வயலில் முள்ளுக்கீரை தலைகாட்ட ஆரம்பித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. இரண்டு முறை எச்சரித்துவிட்டார்கள். மூன்றாவது முறை பட்டியலிலிருந்து அவர் பெயரையே அடித்துவிடுவார்கள்.

குற்றவாளியை அவர் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். அடுத்த வயல்காரர், அதாவது மனைவியின் தம்பி. அந்த மனிதரின் வரப்பில் ஏழெட்டு முள்ளுக்கீரைச் செடிகள் நின்றது உண்மைதான். அதற்கு மேல் சாட்சி எதற்கு?

"காத்துல பறந்து வருது டாக்டர். வேணும்னேதான் வளர்க்கிறான்" என்பார்.

அது கடுகைவிடச் சின்னதாக, இறக்கையோ பஞ்சோ இல்லாத கறுப்பு விதை. ஆனாலும் பறந்தது. அவர் சொன்னால் பறக்கத்தானே வேண்டும். பறப்பதைத் தடுக்க எல்லை நெடுக ஆள் உயரத்துக்குத் தகரம் அடித்தார். அந்த எல்லையில் ஒரு சந்து இருந்தது. தம்பி தினமும் காலையில் அதன் வழியாக வந்து அக்கா கையால் டீ குடித்துவிட்டு வேலைக்குப் போவார். சந்தும் அடைபட்டது. பேச்சுவார்த்தையும் நின்றது. அதன் பிறகு தகரத்துக்கு அந்தப் பக்கம் தம்பி இருமினால், இந்தப் பக்கம் அக்கா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்.

பசுவின் பெயர் செல்லம். எங்கிருந்தோ லாரியில் வரும் வைக்கோல் கட்டுகளை வஞ்சனையில்லாமல் தின்னும். சாயங்காலம் அதன் குளம்புகளையும் அவரே சோப்புப் போட்டுக் கழுவிவிடுவார். சாணத்தை மட்டும் அன்றன்றைக்கே கூடையில் அள்ளி, வயலில் அங்கங்கே கொட்டச் சொல்வார்.

"குழியில போட்டு மாசக்கணக்கா மக்க வைக்கிறாங்க. சத்தெல்லாம் அங்கேயே போயிடும். நம்மது சுடச்சுட" என்று பெருமை அடித்துக்கொள்வார்.

படித்த நானும் தலையாட்டினேன். பூட்ஸைக் கழுவிய களைப்பில் மூளை வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகாரி மூன்றாவது முறையாக வந்த அன்று, செல்லத்துக்கு ஊசி போட நானும் போயிருந்தேன். செருப்பைக் கழுவிய கையோடு அதிகாரி வயலைச் சுற்றினார். தகரத்தின் ஓரத்தில் ஒரு செடிகூட இல்லை. நடுவயலில் மட்டும் திட்டுத்திட்டாக முள்ளுக்கீரை, வட்டம் வட்டமாக.

"காத்துல வந்தா ஓரத்துலதானே முதல்ல இருக்கணும்? இங்க என்ன கொட்டுனீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"எங்க கொட்டுறது? மச்சான் ராத்திரி தகரத்தை ஏறிக் குதிச்சு வந்து தூவிட்டுப் போயிருப்பான்."

அதுவரை எங்கள் பின்னால் நின்றிருந்த அவர் மனைவி வீட்டுக்குள் போனார். ஒரு பூந்தொட்டியோடு திரும்பி வந்து அதை அதிகாரியின் காலடியில் வைத்தார். தொட்டி நிறைய முள்ளுக்கீரைக் கன்றுகள்.

"இதுல நம்ம செல்லத்தோட சாணியும் ஆத்து மணலும்தான் போட்டேன். ரோஜாக் குச்சி பட்டுப்போச்சு, இது வந்துச்சு. போன வருஷமும் இதேதான். ஏங்க, என் தம்பி இந்தத் தொட்டிக்கும் ஏறிக் குதிச்சு வந்தானா?"

ஐயா குனிந்து தொட்டியைப் பார்த்தார். "இதை அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே. சாணியைப் பத்தி உனக்கு என்னடி தெரியும்னு கேட்டீங்க. தினமும் அள்ளுறது நான்."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் ஒப்புக்கொண்டேன். வைக்கோலோடு வரும் களை விதைக்கு ஓடு கெட்டி. மாட்டின் நான்கு வயிற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு நிறைய விதைகள் உயிரோடு வெளியே வந்துவிடும். சாணத்தைக் குவித்து மூடி வைத்து, சூடேறி, புரட்டிப் போட்டு மக்க வைத்தால்தான் பெரும்பாலும் சாகும். சுடச்சுடக் கொட்டினால் விதைத்த மாதிரிதான். மூன்று வருடமாகக் கூடை கூடையாக அவரே விதைத்திருக்கிறார். குளம்பைக் கழுவினார், வயிற்றைக் கழுவ மறந்துவிட்டார்.

அவர் பெயரை அடித்துவிட்டார்கள். அதற்கு நான் சிரிக்கவில்லை. அந்த வயலில் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் போனபோது கொட்டகைக்குப் பின்னால் பெரிய சாணக்குழி. அதன் மேல் தகரம். எல்லையைப் பார்த்தேன், வெட்டவெளி.

"குழிக்கு மூடி வேணும்ல, அதான் பிடுங்கினேன். வேற ஒண்ணும் இல்ல" என்றார், நான் எதுவும் கேட்காமலே.

சந்து இருந்த இடத்தில் தம்பி நின்றுகொண்டிருந்தார். உள்ளே கால் வைக்கவில்லை. அவர் கண் வாளியைத் தேடியது. பாவம், சட்டம் தெரிந்த மனிதர். கால் கழுவாமல் வருவாரா?

ஐயா தரையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் செல்லத்தைப் பார்த்தார்.

"வா மச்சான். கால் கழுவ வேணாம்" என்றார். அவர் வாயிலிருந்து மன்னிப்பு என்று வந்தது அவ்வளவுதான்.

அக்கா டீ கொண்டுவந்தார். தம்பி குடித்து முடிக்கும்வரை, அவருடைய இடது கையைப் பிடித்த பிடியை அக்கா விடவில்லை.