எல்லோருக்கும் பொதுவாக

திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் இலவச மென்பொருள் ஒன்று உண்டு. பார்வை இல்லாதவர்களும் மங்கியவர்களும் பயன்படுத்துவது. அதில் கூடுதல் வசதி சேர்க்கும் சிறு நிரலுக்கு நீட்சி என்று பெயர்; யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். வருகிறவற்றைச் சோதித்துப் பொதுப் பட்டியலில் சேர்க்கும் தன்னார்வலர் குழுவில் நானும் இருந்தேன். சம்பளம் கிடையாது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததும் கிடையாது. நெய்வேலியில் இதைச் சொன்னால், "கான்ட்ராக்டா, பர்மனென்ட்டா?" என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை என்றால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

நீட்சி கணினிக்குள் களவாணித்தனம் ஏதும் செய்கிறதா, விளக்கம் புரிகிறதா என்று பார்க்க வேண்டும். தன் வீட்டை மட்டும் மனதில் வைத்து எழுதியவர்களை நான் விடமாட்டேன். "எல்லோருக்கும் பொதுவாக மாற்றுங்கள்" என்று திருப்பி அனுப்பிவிடுவேன். கறாரானவன் என்று எனக்குப் பெயர். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. அவரவர் நீட்சியை அவரவரே சோதிக்கக் கூடாது என்பது எங்கள் விதி.

கண்ணில் அழுத்தம் கூடி அம்மாவுக்குப் பார்வை மங்கியபோது, கணினியில் இந்த மென்பொருளைப் போட்டுக் கொடுத்தேன். செய்திப் பக்கத்தை ஒன்றுவிடாமல் அது வாசித்தது.

"வெளம்பரத்தையே படிச்சிகினு கெடக்குது. சேதி எப்பத்தான் வரும்?" என்று சத்தம் போட்டாள்.

செய்தியை மட்டும் வாசிக்க ஒரு நீட்சி எழுதிக் கொடுத்தேன். கண் மருத்துவமனையில் பழக்கமான குள்ளஞ்சாவடிக்கார அம்மாள் ஒருவரிடம் அதைப் பற்றிப் பெருமையடித்துவிட்டு வந்தாள்.

"அவங்க வூட்லயும் கம்ப்யூட்டர் இருக்குதாம். அவங்களுக்கும் குடுடா. வாக்கு குடுத்துட்டு வந்துட்டேன்."

பட்டியலில் இல்லாததைக் கணினியில் போடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்பவன் நான். அதனால் முறைப்படி சோதனைக்கு அனுப்பினேன். குழுவில் தமிழ் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. அது வரிசையில் கிடந்தது.

அதற்குள் அம்மா போய்விட்டாள். நெஞ்சுவலி.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பியதும் அப்பா மைன்ஸ் வேலைக்குத் திரும்பினார். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அம்மாவின் கணினியைப் போட்டுச் செய்தி கேட்பார். நான் என் அறையில் பிறர் அனுப்பிய நீட்சிகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் கொடுத்தனுப்பிய சாம்பாரில் உப்பு இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.

ஒரு மத்தியானம் என் நீட்சிக்குப் பதில் வந்தது. தூர தேசத்துத் தன்னார்வலர் ஒருவர், அதிலிருந்த தமிழையெல்லாம் மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் போட்டுப் பார்த்திருக்கிறார். எல்லாம் சரியாக இருக்கிறது, ஒரு சந்தேகம் மட்டும் என்று எழுதியிருந்தார். ஒவ்வொரு வாக்கியத்திலும் 'அம்மா' என்று ஒருவர் வருகிறாரே, அவர் யார்? எல்லோருக்கும் பொதுவாக மாற்ற முடியுமா?

"தெறக்குதும்மா, கொஞ்சம் பொறு." "இன்னிக்கு நெட் இல்லம்மா." "அவ்ளோதாம்மா, முடிஞ்சிது." நீட்சி நடுநடுவே பேசுவதற்கு அம்மாவுக்காக எழுதியதை அப்படியே அனுப்பியிருக்கிறேன். அந்தக் குரலுக்கு அவள் "சரிடா" என்று பதில் சொல்வாள். வேறு யாராவது இப்படி அனுப்பியிருந்தால் முதல் பார்வையிலேயே பிடித்திருப்பேன்.

பதில் எழுதாமல் போட்டுவைத்தேன். அவளை அதிலிருந்து எடுக்க மனம் வரவில்லை. நீட்சியையே திரும்பப் பெற்றுக்கொண்டால் என்ன என்றும் தோன்றியது. அப்போதுதான் குள்ளஞ்சாவடி அம்மாளிடமிருந்து போன் வந்தது.

"அம்மா இருக்காங்களா தம்பி?"

சொன்னேன். எப்போது, எப்படி என்று கேட்டுக்கொண்டார்.

"சேதி படிக்கிறது ஒண்ணு தரேன்னு சொன்னாங்க. அத உடுங்க தம்பி. இப்ப அதுவா முக்கியம்."

"அனுப்புறேங்க" என்றேன்.

போனை வைத்ததும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். 'செய்தி திறக்கிறது. காத்திருக்கவும்.' 'வாசித்து முடிந்தது.' உப்புச்சப்பில்லாத தமிழ். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுப் பல்லைப் பிடுங்குவதுபோல இருந்தது. இழுப்பது தெரிந்தது, வலிக்கவில்லை. தூர தேசத்து நண்பர் நன்றி சொல்லிப் பட்டியலில் சேர்த்தார்.

பட்டியலில் புதிய பதிப்பு ஏறினால், பழையது இருக்கிற கணினி தானாகவே புதியதை வாங்கிப் போட்டுக்கொள்ளும். அம்மாவின் கணினியை அப்படி அமைத்துவைத்தவனே நான்தான். அது எனக்கு நினைவில் இல்லை.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா, டிபன் கேரியரைக்கூடக் கீழே வைக்காமல் கணினி முன் உட்கார்ந்தார். அவருக்குக் கண் நன்றாகத் தெரியும். வீட்டுக்குச் செய்தித்தாளும் வருகிறது. பிறகு எதற்கு இதைக் கேட்கிறார் என்று நான் அதுவரை யோசித்ததில்லை. குரல் செய்திகளை வாசித்து, 'வாசித்து முடிந்தது' என்று நின்றது. அவர் எழுந்திருக்கவில்லை.

"அம்மான்னு சொல்லலியேடா."

"எடுத்துட்டேம்ப்பா. இனிமே எல்லாருக்கும் பொதுவா இருக்கணும்."

"அப்படியா" என்றார். டிபன் கேரியரைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு தடவ போடு. எங்கனா ஒண்ணு உட்டிருப்ப" என்றார்.

போட்டேன். இரண்டு பேரும் கடைசிவரை கேட்டோம். நான் கறாரானவன். ஒன்றைக்கூட விட்டிருக்கவில்லை.