தரையில் உட்காரக் கூடாது

சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து என்னை அனுப்பும்போது டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தரையில் உட்காரக் கூடாது. சம்மணம் போடக் கூடாது. குந்தக் கூடாது. குனிந்து எதையும் எடுக்கக் கூடாது. படுக்கும்போது இரண்டு கால்களுக்கும் நடுவில் தலையணை இருக்க வேண்டும். நான் பள்ளிக்கூட டீச்சர். அடுத்தவர்களுக்குக் 'கூடாது' என்று சொல்லியே சம்பளம் வாங்கியவள். எனக்கே ஒரு பட்டியல் வந்ததும் சிரிப்பு வந்தது. "எத்தனை நாளைக்கு சார்?" என்று கேட்டேன். "எப்பவுமேம்மா" என்றார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு ஒரு மழைநாளில் பள்ளிக்கூடப் படியில் வழுக்கி விழுந்தேன். எனக்கு அப்போது நாற்பத்தொன்று. தொடையெலும்பு இடுப்போடு சேருகிற இடத்தில் ஒடிந்துவிட்டது. கட்டுப் போட்டுப் பார்த்தோம், சேரவில்லை. ஒன்றரை வருஷம் காலை இழுத்துக்கொண்டே வகுப்பெடுத்தேன். கடைசியில் சென்னைக்குப் போய், ஒடிந்ததை எடுத்துவிட்டு இரும்பும் பிளாஸ்டிக்குமாகச் செயற்கை மூட்டு ஒன்றை வைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் பக்கத்தில் அப்போது யாரும் கேள்விப்படாத வைத்தியம். கோவில்பத்தில் எங்கள் தெருவுக்கு என்னைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். ஒரு அம்மாள் புடவைக்கு மேலே தொட்டுப் பார்த்துவிட்டு, "சில்லுன்னு இருக்கும்னு நெனச்சேன்" என்றாள். ஏமாந்துபோன முகத்தோடு காப்பியைக் குடித்துவிட்டுப் போனாள்.

வலி போகும் என்றுதான் இவ்வளவும். பழைய வலி போயிற்று, இல்லை என்று சொல்ல மாட்டேன். அதன் இடத்தில் புதிதாக ஒன்று வந்தது. காலையில் கட்டிலை விட்டு முதல் அடி வைக்கும்போது தொடைக்குள் கம்பியை விட்டுத் திருகுவது போல இருக்கும். பத்து அடி நடந்தால் மட்டுப்படும். உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் அந்த முதல் அடி. சோதனைக்குப் போனபோது டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, "படம் அருமையா இருக்கு" என்றார். வலிப்பது படத்துக்கா எனக்கா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்காமல் வந்துவிட்டேன்.

திருநள்ளாற்றில் எண்ணெய் தேய்த்து முழுகச் சொன்னவர்கள் உண்டு. எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து சனியை இறக்கிவிட்டுப் போகிற ஊருக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறோம், ஒன்றிரண்டு என் மேல் ஏறியிருக்கும் என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

என் கணவர் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் குமாஸ்தா. பேச்சு குறைவு. தச்சரை வைத்து ஒரு மர ஸ்டூலில் ஓட்டை போடச் சொல்லி, கொல்லைக் கக்கூஸில் அதைப் பொருத்திக் கொடுத்தார். அதற்கப்புறம் ஒரு மடக்கு நாற்காலி வாங்கினார். இரும்புச் சட்டம், தகர இருக்கை. கல்யாணம், காதுகுத்து என்று நான் எங்கே போனாலும் அவர் அந்த நாற்காலியைச் சைக்கிள் காரியரில் பழைய டியூபால் இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் போய்விடுவார். நான் பஸ்ஸில் போய் இறங்கும்போது நாற்காலி விரித்துத் தயாராக இருக்கும். ஒரு வார்த்தை அலுத்துக்கொண்டதில்லை. அவர் அலுத்துக்கொண்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நம் வீடுகளில் எல்லாமே தரையில்தான் நடக்கிறது. சாப்பாடு, காய் நறுக்குவது, பூக்கட்டுவது, ஊர்வம்பு, அழுகை எல்லாம். பந்தியில் எல்லோரும் இலை முன்னால் உட்கார, நான் ஒரு மூலையில் மடியில் தட்டு வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பேசினால் எனக்குப் பாதிதான் கேட்கும். மேலே இருப்பவளிடம் யாரும் ரகசியம் சொல்வதில்லை. மரியாதையாகப் பேசினார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கவே இல்லை. வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், என் மனுஷிகளுக்கு நடுவில் எனக்கு இடம் இல்லாமல் போனதைப் பொறுக்க முடியவில்லை.

அம்மா விழிதியூரில் அண்ணன் வீட்டில் இருந்தாள். பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் படுக்கை. நான் ஒரே பெண். ஆனால் பாயில் கிடந்தவளுக்கு நான் எப்படிக் குனிந்து பீ மூத்திரம் எடுப்பேன்? எல்லாம் அண்ணிதான் செய்தாள். நடவு, அறுப்பு என்று வயலுக்கும் ஓடி, வந்து அம்மாவையும் கழுவித் துடைத்தாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் நாற்காலியில் உட்கார்ந்து, ஆரஞ்சுப் பழத்தை உரித்து அண்ணி கையில் கொடுப்பேன். அவள்தான் அம்மா வாயில் பிழிந்துவிடுவாள். "டீச்சர் வந்தாச்சு" என்று அவள் சொல்லும் விதத்தில் எனக்குப் புரிய வேண்டியது புரியும். அவள் பேரில் தப்பில்லை.

அம்மா ஒரு தை மாதத்தில் போனாள். நான் போய் இறங்கியபோது கூடத்தில் தெற்கே தலை வைத்துக் கிடத்தியிருந்தார்கள். சுற்றிப் பெண்கள், ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு அழுதுகொண்டிருந்தார்கள். நான் நடையில் நின்றேன். பின்னாலேயே என் கணவர் நாற்காலியோடு நின்றார். அண்ணி நிமிர்ந்து பார்த்தாள்.

"டீச்சருக்கு நாக்காலி போடுங்கடி. அவங்க மேலேருந்தே அழுவட்டும்."

யாரோ நாற்காலியை விரித்துப் போட்டார்கள். உட்கார்ந்தேன். என் காலடியில் அம்மா கிடந்தாள். பெற்றவளின் முகத்தை மேலே இருந்து குனிந்து பார்த்துக்கொண்டு, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன், துக்கம் விசாரிக்க வந்த அதிகாரி மாதிரி. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது. நாற்காலியின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை மடக்கி, மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் அண்ணி. ஒரு கணம் என்னை வெறித்துப் பார்த்தாள். பிறகு அவள் கை என் தோளில் விழுந்தது, என் கை அவள் தோளில். இரண்டு பேரும் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதோம். அம்மாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு நான் நிம்மதியாக இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். அம்மாவின் சாவில் நிம்மதி என்று எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

குளிப்பாட்டி, நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே திரும்பக் கிடத்தி, வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். மகளுக்கு முதலில் கொடுங்கள் என்று ஒருவர் அரிசித் தட்டை நீட்டினார். ஒரு பிடி எடுத்துக்கொண்டு, ஒரு கையைத் தரையில் ஊன்றி அம்மாவின் வாய்ப்பக்கம் சாய்ந்தேன். இடுப்புக்குள் ஏதோ தன் குழியை விட்டு வெளியே வந்தது. வந்ததை என் காதாலேயே கேட்டேன். அலறினேன். எல்லோரும் அலறிக்கொண்டிருந்த நேரம். பெண் அழாமல் வேறு யார் அழுவார்கள் என்று என்னைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார்கள். தூக்கத் தூக்க இன்னும் அலறினேன். "தூக்காதீங்க" என்று சொல்ல வரவில்லை, வாயில் வெறும் சத்தம்தான் வந்தது.

வாசலில் ஆண்களோடு நின்றிருந்த என் கணவருக்குத்தான் அது வேறு சத்தம் என்று தெரிந்தது. எல்லோரையும் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். "அவளை யாரும் தொடாதீங்க" என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். ஒரு பக்கம் அம்மாவுக்குப் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள், இன்னொரு பக்கம் என்னைப் பெஞ்சுப் பலகையில் கிடத்தி வாடகைக் காருக்குத் தூக்கிப் போனார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி போடும்போது நர்ஸ் என் வலது கையைப் பிரித்தார். அரிசி அதற்குள்ளேயே இருந்தது.

இழுத்துப் பார்த்தார்கள், உள்ளே போகவில்லை. மறுபடி சென்னை, பழைய தழும்பின் மேலேயே மறுபடி கத்தி. பொருத்தி அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்துத் தழும்பின் நுனியில் ஒரு கொப்புளம் வந்து உடைந்தது. அதற்கப்புறம் அந்தப் புண் மூடவே இல்லை. மருந்து சாப்பிட்டால் பத்து நாள் காயும், பிறகு சீழ் வடியும். கிழிந்த வேட்டித் துணியை மடித்து வைத்துக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். மத்தியானத்துக்குள் வாடை வந்துவிடும். கதம்பம் அதிகமாக வைத்துக்கொண்டேன். ஆனாலும் முதல் பெஞ்சுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏதாவது சாக்குச் சொல்லிப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். நான் யாரையும் முன்னால் வரச் சொல்லவில்லை.

அண்ணி ஒரே ஒரு முறை பார்க்க வந்தாள். கட்டில் கிட்டே வராமல் நிலைப்படியில் நின்றாள்.

"நான் ஆத்தாமையில ஒரு வார்த்த சொன்னேன் டீச்சர். கீழ உக்காருங்கன்னு சொல்லலையே."

"நான்தானே உக்காந்தேன் அண்ணி. நீங்க புடிச்சா உக்கார வச்சீங்க?" என்றேன்.

வாயால் சொன்னேனே தவிர, மனதுக்குள் அவளைத் திட்டாத நாள் இல்லை. மூன்று வருஷம், ஒவ்வொரு காலையும் அந்த முதல் அடிக்கு அவள் பேரைச் சொல்லித் திட்டினேன். வலிக்கு யாரையாவது கை காட்ட வேண்டியிருக்கிறது.

கடைசியில் காய்ச்சல் விடாமல் வர ஆரம்பித்ததும் டாக்டர் சொல்லிவிட்டார், வைத்ததை எடுத்தாக வேண்டும், திரும்ப வைக்க முடியாது என்று.

"எடுத்துட்டா அங்க என்ன சார் இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காதும்மா. சதை இறுகிப் பிடிச்சுக்கும். கால் ரெண்டு அங்குலம் குட்டையாகும், கம்பு இல்லாம நடக்க முடியாது. வலி முழுசாப் போகும்னும் சொல்ல மாட்டேன். ஒண்ணே ஒண்ணு, நீங்க தரையில உட்காரலாம்."

என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அழுதேன். இதற்கு முதலிலேயே அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கலாமே என்று தோன்றியது. எடுத்தார்கள். ஒன்றரை மாதம் காலில் எடை கட்டித் தொங்கவிட்டார்கள். புண் ஆறியது. டாக்டர் சொன்னது எல்லாமே அப்படியே நடந்தது, வலி உட்பட. செருப்பின் அடியில் கட்டை வைத்துத் தைத்து, கம்பு ஊன்றி, மறுபடி வகுப்புக்குப் போனேன்.

எண்பதுகள் முடிகிற சமயத்தில் அண்ணன் வயலில் மயங்கி விழுந்து போய்விட்டான். செய்தி வந்ததும் நான் பஸ் ஏறினேன். விழிதியூரில் இறங்கினால், என் கணவர் சைக்கிளிலிருந்து டியூபை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அந்த நாற்காலியை எடுத்து வந்திருந்தார். "இது எதுக்குங்க இப்ப?" என்றேன். "பழக்கத்துல கட்டிட்டேன்" என்றார்.

அதே கூடம். அண்ணன் கிடந்தான். தலைமாட்டில் அண்ணி, பூவும் பொட்டுமாக உட்கார்ந்திருந்தாள். கம்புச் சத்தம் கேட்டு என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தாள்.

"வேணாம் டீச்சர். கீழ உக்காராதீங்க. யாராச்சும் நாக்காலி போடுங்களேன்."

"இப்ப உக்காரலாம் அண்ணி. உள்ள ஒண்ணும் இல்ல."

கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. அப்படியே சரிந்து என் மடியில் தலையை வைத்தாள். அந்தப் பக்கத் தொடையில்தான் வைத்தாள். எலும்பு பிடிப்பில்லாமல் கிடக்கிற இடம். அவள் அழுது குலுங்கும் ஒவ்வொரு தடவையும் வலி முதுகு வரை ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். அண்ணனை எடுத்துக்கொண்டு போகும் வரைக்கும் நான் அந்தக் காலை நகர்த்தவில்லை.